எழுத்தின் மேல் ஒரு புள்ளி: பன்றியின் தசையில் கொழுப்பு சேர்வது எப்படி?

'பல்' என்று ஒரு தாளில் எழுதுங்கள். இப்போது லகரத்தின் தலைமேல் உள்ள புள்ளியை மட்டும் அழித்துவிடுங்கள். 'பல' என்றாகிவிடுகிறது. குறைந்தது ஒரு துளி மை. பொருளோ முற்றிலும் வேறு. தமிழ் எழுதத் தெரிந்த எவருக்கும் புள்ளியின் வலிமையைத் தனியே விளக்க வேண்டியதில்லை.

உயிரினங்களின் அணுக்களுக்குள்ளும் இதுபோன்ற புள்ளிகள் இடப்படுகின்றன, அழிக்கப்படுகின்றன, படிக்கப்படுகின்றன. அவை ஆர்.என்.ஏ. என்னும் மூலக்கூறின் எழுத்துகள் மேல் இடப்படும் வேதியியல் புள்ளிகள். ஒரு பன்றியின் தசைக்குள் கொழுப்பு எவ்வளவு சேரும் என்பதிலும் இப்புள்ளிகளுக்குப் பங்கு உண்டு என்று அண்மைக்கால ஆராய்ச்சிகள் காட்டுகின்றன. அது எப்படி என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

பன்றி என்றதும் முகம் சுளிக்கும் வாசகர்களும் இருக்கலாம். அவர்களுக்கு ஒரு செய்தி. நீரிழிவு நோயாளிகள் பல்லாண்டுக் காலம் உயிர் வாழ்ந்தது பன்றியின் கணையத்திலிருந்தும் மாட்டின் கணையத்திலிருந்தும் எடுத்த இன்சுலினால்தான். மனித இன்சுலினில் 51 அமினோ அமிலங்கள் உள்ளன. பன்றியின் இன்சுலின் அதிலிருந்து ஒரே ஓர் அமினோ அமிலத்தில்தான் வேறுபடுகிறது. 1982இல் நுண்ணுயிர்களைக் கொண்டு தயாரித்த மனித இன்சுலின் விற்பனைக்கு அனுமதிக்கப்பட்ட பிறகே இந்த நிலை மாறத் தொடங்கியது. உடலமைப்பிலும் உணவுப் பழக்கத்திலும் நமக்கு நெருங்கிய விலங்கு பன்றி. ஆகவே அதன் தசையில் நடப்பதை அறிவது நம் தசையில் நடப்பதை அறிய ஒரு வழியாகும்.

கொழுப்பு தங்கும் இடங்கள்

கொழுப்பு என்பது உடலின் சேமிப்புப் பண்டம். ஒரு கிராம் மாவுப் பொருளை எரித்தால் ஏறத்தாழ 4 கிலோ கலோரி ஆற்றல் கிடைக்கும். ஒரு கிராம் கொழுப்பை எரித்தால் 9 கிலோ கலோரி. அதுவும் தண்ணீரைச் சுமக்காமல் உலர்ந்த நிலையில் இருக்கும் சேமிப்பு. குறைந்த இடத்தில் நிறைந்த ஆற்றலை வைக்க இதைவிட நல்ல வழியை உயிரினங்கள் கண்டுபிடிக்கவில்லை.

பன்றியின் உடலில் இச்சேமிப்பு நான்கு இடங்களில் நடைபெறுகிறது. தோலுக்கு அடியில் முதுகுநெடுக ஒரு தடித்த படலம். குடலையும் சிறுநீரகத்தையும் சுற்றி ஒரு பகுதி. தசைக்கும் தசைக்கும் இடையே ஒரு பகுதி. கடைசியாக, ஒரே தசைக்குள் நாருக்கும் நாருக்கும் நடுவே மெல்லிய வெண்ணிற வரிகளாக ஒரு பகுதி. இந்த நான்காவதுதான் நம் கதையின் நாயகன். வெட்டிய இறைச்சியில் பளிங்குக் கல்லின் வரிகளைப் போல் தெரிவதால் ஆங்கிலேயர் இதற்கு 'மார்பிளிங்' என்று பெயரிட்டனர். தசையின் எடையில் 2 முதல் 3 சதவீதம் இவ்வரிக் கொழுப்பு இருந்தால் இறைச்சி மென்மையாகவும் சாறுள்ளதாகவும் இருக்கும் என்பர். குறைந்தால் வேகவைத்ததும் நார் நாராகிவிடும்.

இங்கேதான் வளர்ப்போருக்குச் சிக்கல். முதுகுக் கொழுப்பை யாரும் விரும்புவதில்லை. வரிக் கொழுப்பை எல்லோரும் விரும்புகிறார்கள். முதுகுக் கொழுப்பைக் குறைக்க வேண்டும் என்று தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து இனப்பெருக்கம் செய்தபோது, வரிக் கொழுப்பும் கூடவே குறைந்துவிட்டது. டென்மார்க்கின் லாண்ட்ரேஸ், இங்கிலாந்தின் பெரிய வெள்ளை யார்க்‌ஷயர் ஆகியவை இவ்வாறு உருவான மெலிந்த தசை இனங்கள். நம் ஊரில் 'வெண்பன்றி' என்று வழங்கப்படுவது இந்த யார்க்‌ஷயர்தான்.

வரிக் கொழுப்பின் அளவில் காணும் வேறுபாட்டில் ஏறத்தாழ பாதி மரபால் வருவது. மீதி தீனி, வயது, வளர்ப்பு முறை ஆகியவற்றால் வருவது. மரபால் வரும் பாதியைக்கூட, 'இந்த மரபணு இருந்தால் கொழுப்பு, இல்லாவிட்டால் மெலிவு' என்று எளிதாகச் சொல்லிவிட முடியவில்லை. 2012இல் பன்றியின் மரபுத் தொகுதி முழுவதையும் விஞ்ஞானிகள் படித்து முடித்தனர். புரதம் உண்டாக்கும் மரபணுக்கள் 21,000க்கு மேல் இருப்பது தெரிந்தது. எனினும் எழுத்துகளைப் படித்ததனால் மட்டும் விடை கிடைக்கவில்லை. எழுத்துகளின் மேல் இருந்த புள்ளிகளையும் பார்க்க வேண்டியிருந்தது.

மூலப் பத்திரமும் நகலும்

பத்திரப் பதிவு அலுவலகத்தை நினைத்துக்கொள்ளுங்கள். மூல ஆவணம் அலுவலகத்தை விட்டு வெளியே போவதில்லை. வேண்டியவருக்கு அதன் நகல்தான் தரப்படும். வெளியே காரியம் நடப்பது நகலைக் கொண்டுதான். அணுவின் உட்கருவில் உள்ள டி.என்.ஏ. மூல ஆவணம். அதிலிருந்து வேண்டிய பகுதியை மட்டும் பார்த்து எழுதிய நகலே தூது ஆர்.என்.ஏ. அது உட்கருவை விட்டு வெளியே வந்து, ரிபோசோம் என்னும் பட்டறையை அடைகிறது. அங்கே நகலில் உள்ளபடி புரதம் தயாராகிறது. கொழுப்பை உண்டாக்குவதும், சேர்ப்பதும், எரிப்பதும் எல்லாம் புரதங்களின் வேலையே.

ஆர்.என்.ஏ. நான்கே எழுத்துகளால் ஆனது: ஏ, ஜி, சி, யு. இந்த நகல் நிலையானதன்று. சில நகல்கள் சில நிமிடங்களிலும், சில பல மணி நேரத்திலும் அழிந்துபோகும். ஒரு நகல் நெடுநேரம் இருந்தால் அதிலிருந்து பல புரதங்கள் உண்டாகும். விரைவில் அழிந்தால் சிலவே உண்டாகும். ஆகவே, என்ன எழுதியிருக்கிறது என்பது மட்டுமல்ல, அந்த நகல் எவ்வளவு காலம் வாழ்கிறது, எத்தனை முறை படிக்கப்படுகிறது என்பதும் முக்கியம்.

இங்கேதான் புள்ளி வந்து சேருகிறது. ஏ என்ற எழுத்தின் குறிப்பிட்ட ஓரிடத்தில், ஆறாம் எண் இடத்தில் உள்ள நைட்ரஜனின் மீது, ஒரு மெத்தில் தொகுதி ஒட்டிக்கொள்கிறது. இதற்கு எம்6ஏ என்று சுருக்கப் பெயர். தமிழ்ப் புள்ளிக்கும் இதற்கும் ஒரு வேறுபாடு உண்டு. வாசகர்கள் இதனை மனத்தில் கொள்ள வேண்டும். தமிழ்ப் புள்ளி சொல்லின் பொருளையே மாற்றும். எம்6ஏ அப்படிச் செய்வதில்லை. நகலில் உள்ள செய்தி அப்படியே இருக்கும். உண்டாகும் புரதமும் அதே புரதந்தான். அலுவலகக் கோப்பின் மேல் 'அவசரம்' என்றோ 'முடிவுற்றது' என்றோ ஒரு சீட்டு ஒட்டினால் உள்ளே இருக்கும் தாள் மாறுவதில்லை; ஆனால் கோப்பின் கதி மாறிவிடுகிறது அல்லவா? அதுபோலத்தான் இதுவும்.

மெத்தில் என்பது என்ன?

ஒரு கார்பன் அணுவும் மூன்று ஹைட்ரஜன் அணுக்களும் சேர்ந்த சிறு தொகுதியே மெத்தில். இந்தப் பெயரைக் கள்ளக்குறிச்சி மக்கள் மறக்க மாட்டார்கள். 2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சி நகரின் கருணாபுரத்தில், மெத்தில் ஆல்கஹால் எனப்படும் மெத்தனால் கலந்த கள்ளச்சாராயத்தைக் குடித்து 60க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதுவரை வேதியியல் பாடப் புத்தகத்தில் மட்டுமே இருந்த ஒரு சொல், அந்தத் தெருக்களில் ஒவ்வொரு வீட்டாரின் வாயிலும் வந்தது. உயிரைக் குடித்த அந்த மெத்திலும், உயிரணுவுக்குள் புள்ளியாய் அமரும் இந்த மெத்திலும் ஒன்றா என்று ஒரு மாணவர் கேட்டால் என்ன சொல்வது?

தொகுதி ஒன்றேதான். ஆனால் ஒரு தொகுதி எதனோடு சேர்ந்திருக்கிறது, எவ்வளவு இருக்கிறது, எங்கே இருக்கிறது என்பவையே அதன் குணத்தை நிர்ணயிக்கின்றன. மெத்தனாலில் மெத்தில் தொகுதி ஹைட்ராக்சிலோடு சேர்ந்திருக்கிறது. ஈரலில் உள்ள நொதிகள் அதனை முதலில் ஃபார்மால்டிஹைடாகவும், பிறகு ஃபார்மிக் அமிலமாகவும் மாற்றுகின்றன. அந்த அமிலம் தேங்கும்போது, அணுக்களின் ஆற்றல் நிலையமான மைட்டோகாண்ட்ரியாவின் இயக்கம் தடைப்படுகிறது. பார்வை நரம்பு முதலில் பழுதாவது இதனாலேயே.

ஆர்.என்.ஏ.யின் மேல் அமரும் மெத்திலோ மெத்தனாலிலிருந்து வருவதன்று. நாம் உண்ணும் பருப்பு, முட்டை, மீன் முதலியவற்றில் மெத்தியோனைன் என்னும் அமினோ அமிலம் இருக்கிறது. அதிலிருந்து உடல் தயாரிக்கும் எஸ்-அடினோசில் மெத்தியோனைன் என்ற பொருளே மெத்திலைத் தூக்கிக்கொண்டு வந்து வேண்டிய இடத்தில் தருகிறது. கீரைகளில் உள்ள ஃபோலிக் அமிலமும், பால், முட்டை, இறைச்சியில் உள்ள பி-12 வைட்டமினும் இந்தச் சுழற்சிக்குத் துணை செய்கின்றன. இந்தப் புள்ளியை நீக்கும்போது வெளிவருவதும் ஃபார்மால்டிஹைடுதான் என்பது வியப்பான செய்தி. ஆனால் அது வெளிவருவது அற்ப அளவில். அணுவில் உள்ள நொதிகள் அதனை உடனுக்குடன் தீங்கற்றதாக்கி விடுகின்றன. ஒரே பொருள், அளவு மீறினால் நஞ்சு. அளவோடு இருந்தால் அன்றாட வேலை.

எழுதுபவர், அழிப்பவர், படிப்பவர்

இப்புள்ளிகளைக் கையாள மூவகைப் புரதங்கள் உள்ளன. எழுதுபவர் கூட்டத்தில் முதன்மையானது மெட்டில்-3 என்னும் நொதி. ஆர்.என்.ஏ.யில் ஜி-ஏ-சி என்ற மூன்றெழுத்து வரும் இடங்களையே இது பெரும்பாலும் நாடும். அவற்றிலும் எல்லா இடத்திலும் புள்ளி வைப்பதில்லை. சராசரியாக ஒரு தூது ஆர்.என்.ஏ.யில் மூன்று முதல் ஐந்து புள்ளிகளே இருக்கும்.

அழிப்பவர்களில் புகழ்பெற்றது எஃப்.டி.ஓ. என்னும் நொதி. இதன் வரலாறு சுவையானது. 2007இல் ஆங்கிலேய ஆய்வாளர்கள் 38,000க்கும் மேற்பட்டோரின் மரபணுக்களை ஆராய்ந்தனர். எஃப்.டி.ஓ. மரபணுவில் ஒரு குறிப்பிட்ட மாற்றத்தைத் தாய் வழியிலும் தந்தை வழியிலும் பெற்றவர்கள், அம்மாற்றம் அறவே இல்லாதவர்களைவிடச் சராசரியாக 3 கிலோ எடை கூடுதலாக இருந்தனர். இந்த மரபணு என்ன வேலை செய்கிறது என்பதோ அப்போது தெரியாது. 2011இல் சிக்காகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சுவான் ஹீயின் குழு விடை கண்டது: ஆர்.என்.ஏ.யின் மேல் உள்ள எம்6ஏ புள்ளியை அழிப்பதே அதன் வேலை! இட்ட புள்ளியை அழிக்கவும் வழி இருக்கிறது என்றால், இது வெறும் அலங்காரமன்று, இயக்கவும் நிறுத்தவும் கூடிய ஒரு விசை என்றுதானே பொருள்?

மூன்றாம் வகை, படிப்பவர்கள். ஒய்.டி.எச். என்று தொடங்கும் பெயருடைய புரதக் குடும்பம் இது. புள்ளியுள்ள இடத்தைத் தேடிப் பற்றிக்கொள்வது இவற்றின் இயல்பு. இவற்றுள் டி.எஃப்-1 என்பது பற்றிய நகலிலிருந்து புரத உற்பத்தி பெருகுகிறது என்றும், டி.எஃப்-2 பற்றிய நகல் விரைவில் சிதைக்கப்படுகிறது என்றும் முதலில் கண்டறிந்தனர். இந்த வேலைப் பிரிவினை அவ்வளவு திட்டவட்டமானதன்று, இக்குடும்பத்தார் அனைவரும் சேர்ந்து நகலைச் சிதைக்கும் வேலையையே செய்கின்றனர் என்று 2020இல் அமெரிக்க ஆய்வாளர்கள் வாதிட்டனர். இந்த விவாதம் இன்னும் ஓயவில்லை.

புள்ளியைக் கண்ட விதம்

தூது ஆர்.என்.ஏ.யில் இப்புள்ளி இருப்பதை 1974இலேயே அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் டெஸ்ரோசியர்ஸ், ஃப்ரிடெரிசி, ராட்மன் ஆகிய மூவர் கண்டுவிட்டனர். அப்படியிருக்க, அடுத்த நாற்பது ஆண்டுகள் இத்துறை ஏன் உறங்கியது?

பழைய ஓலைச்சுவடிகளைப் படித்தவர்கள் அறிவார்கள். ஓலையில் பெரும்பாலும் புள்ளி இருப்பதில்லை. எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்று விட்டுவிட்டார்கள். படிப்பவரே இடம் பார்த்துப் புள்ளியைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஆர்.என்.ஏ. ஆராய்ச்சியிலும் ஏறக்குறைய இதே நிலை. ஆர்.என்.ஏ.யின் எழுத்துகளைப் படிக்க வேண்டுமானால், முதலில் அதனை டி.என்.ஏ.வாக மாற்றிப் படி எடுப்பது வழக்கம். அப்படிப் படி எடுக்கும் நொதிக்கு ஏயும் ஒன்றுதான், புள்ளி வைத்த ஏயும் ஒன்றுதான். படியில் புள்ளி மறைந்துபோகிறது!

எடை பார்த்தால் மட்டும் வேறுபாடு தெரியும். ஏ எழுத்துக்குரிய அடினோசினின் மூலக்கூறு எடை 267. புள்ளி வைத்தது 281. ஒரு ஹைட்ரஜன் போய் ஒரு மெத்தில் வந்ததால் கூடியது 14. நிறை நிறமாலைமானி என்னும் கருவி இந்த 14ஐத் துல்லியமாகக் காட்டும். இயற்பியல் கற்பிக்கும் என் போன்றவர்களுக்கு, மின்புலத்திலும் காந்தப்புலத்திலும் துகள்கள் வளைவதைக் கொண்டு எடை காணும் அதே தத்துவம் உயிரியலிலும் உதவுவது மகிழ்ச்சி தரும் செய்தி. ஆனால் மொத்தம் எத்தனை புள்ளி என்று அக்கருவி சொல்லும். எந்த நகலில், எந்த இடத்தில் என்று சொல்லாது.

2012இல் இஸ்ரேலிலும் நியூயார்க்கிலும் இரு குழுவினர் தனித்தனியே இதற்கு வழி கண்டனர். எம்6ஏயை மட்டும் பற்றிக்கொள்ளும் எதிர்ப்பொருள் ஒன்றைக் கொண்டு, துண்டு துண்டாக்கிய ஆர்.என்.ஏ.யில் புள்ளியுள்ள துண்டுகளை மட்டும் தூண்டில் போட்டு இழுத்து, அவற்றைப் படித்தனர். மனிதனின் 7,000க்கும் மேற்பட்ட மரபணுக்களின் நகல்களில் 12,000க்கும் மேற்பட்ட இடங்களில் இப்புள்ளி இருப்பதை இஸ்ரேல் குழு காட்டியது. அதன் பின்னரே பன்றித் தசையையும் இவ்வாறு ஆராய வழி பிறந்தது.

இரு பன்றிகளின் முதுகுத் தசை

சீனாவின் செஜியாங் மாநிலத்தில் ஜின்ஹுவா என்றோர் ஊர். உப்பிட்டு உலர்த்திய பன்றித் தொடை இறைச்சிக்குப் பெயர் போனது. அவ்வூரின் நாட்டுப் பன்றிக்குத் தலையும் பின்புறமும் கறுப்பு. நடு உடல் வெள்ளை. மெதுவாக வளரும், கொழுப்பு மிகுதி, வரிக் கொழுப்பும் மிகுதி. இதற்கு நேர்மாறானது லாண்ட்ரேஸ்.

செஜியாங் பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்கள் இவ்விரு இனங்களின் முதுகுத் தசையையும் எடுத்து, எந்தெந்த நகல்களில் புள்ளிகள் வேறுபடுகின்றன என்று ஒப்பிட்டனர். முடிவு 2019இல் வெளியாயிற்று. எம்.டி.சி.எச்-2 என்னும் மரபணுவின் நகலில் ஜின்ஹுவாப் பன்றிக்குப் புள்ளிகள் மிகுந்திருந்தன. அந்தப் புரதமும் மிகுந்திருந்தது. இப்புரதம் மைட்டோகாண்ட்ரியாவின் வெளிச்சுவரில் அமர்ந்திருப்பது. மனிதரில் உடற்பருமனோடு தொடர்புடைய மரபணுக்களின் பட்டியலிலும் இதன் பெயர் முன்பே இடம் பெற்றிருந்தது.

தொடர்பு இருப்பதனாலேயே காரணம் ஆகிவிடாது. ஆகவே அவர்கள் அடுத்த படிக்குச் சென்றனர். தசை நார்களுக்கு நடுவே, இன்னும் கொழுப்பு சேராத முன்னோடி அணுக்கள் இருக்கின்றன. அவற்றை எடுத்துக் கண்ணாடிக் கிண்ணத்தில் வளர்த்தனர். எம்.டி.சி.எச்-2 புரதத்தை மிகுதியாக உண்டாக்கச் செய்தபோது, அணுக்களில் கொழுப்புத் துளிகள் பெருகின. அதனைக் குறைத்தபோது துளிகளும் குறைந்தன. புள்ளியைப் பற்றிக்கொண்டு இந்தப் புரத உற்பத்தியைத் தூண்டியது டி.எஃப்-1 என்னும் படிப்பாளிதான் என்றும் காட்டினர்.

புள்ளி கூடினால் கொழுப்பா, குறைந்தாலா?

அப்படியானால் புள்ளி கூடினால் கொழுப்பு கூடும் என்று விதி எழுதிவிடலாமா? அவசரப்படக் கூடாது. எலியின் கொழுப்பு முன்னோடி அணுக்களில் நடந்த ஆய்வுகள் நேர் எதிரான முடிவைத் தந்துள்ளன. அங்கே எஃப்.டி.ஓ.வை நீக்கியபோது, அழிப்பவர் இல்லாததால் புள்ளிகள் கூடின. ஆனால் கொழுப்பணுக்கள் உருவாவது குறைந்தது! காரணம் என்ன? கொழுப்பணுவாக மாறுவதற்கு முன் முன்னோடி அணுக்கள் சில முறை பிரிந்து பெருக வேண்டும். அந்தப் பிரிவை நடத்தும் புரதங்களின் நகல்களில் புள்ளிகள் நீங்காமல் தங்கிவிட்டன. டி.எஃப்-2 அவற்றைப் பற்றிச் சிதைத்துவிட்டது. பிரிவு தடைப்பட்டது, கொழுப்பணுக்களும் குறைந்தன.

இந்த முரண்பாட்டிலேயே பாடம் இருக்கிறது. புள்ளிக்கென்று 'கொழுப்பு' என்றோ 'மெலிவு' என்றோ பொருள் கிடையாது. எந்த நகலின் மேல் புள்ளி இருக்கிறது, அதனை யார் படிக்கிறார், எந்த வேளையில் படிக்கிறார் என்ற மூன்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் விளைவு தெரியும். எனவே உடல் முழுவதும் புள்ளிகளைக் கூட்டியோ குறைத்தோ கொழுப்பைக் கரைத்துவிடலாம் என்று யாரேனும் மாத்திரை விற்க வந்தால், அவரை நம்ப வேண்டாம். ஒரு நூலில் உள்ள எல்லாப் புள்ளிகளையும் அழித்துவிட்டு, அந்நூல் தெளிவாகிவிட்டது என்று சொல்வதற்கு ஒப்பாகும் அது.

இன்னொரு எச்சரிக்கையும் தேவை. ஜின்ஹுவாவும் லாண்ட்ரேஸும் புள்ளிகளில் மட்டுமா வேறுபடுகின்றன? மரபணு எழுத்துகளிலேயே பல வேறுபாடுகள் உண்டு. கிண்ணத்தில் வளர்ந்த அணு முழுப் பன்றி ஆகாது. புள்ளி ஒரு காரணம், ஒரே காரணமன்று.

தீனியும் நாட்டுப் பன்றியும்

பன்றிக்குப் புரதம் குறைந்து மாவுப் பொருள் மிகுந்த தீனியைக் கொடுத்தால் வளர்ச்சி மட்டுப்பட்டு வரிக் கொழுப்பு கூடும் என்பது நன்கறிந்த உண்மை. நம் பகுதியில் மரவள்ளி விளைகிறது. ஜவ்வரிசி ஆலைகளிலிருந்து திப்பி கிடைக்கிறது. திப்பி மாவுப் பொருள் மிகுந்தது, புரதம் மிகக் குறைந்தது. மெத்தியோனைனும் அதில் அரிது. எனில், திப்பி தின்னும் பன்றியின் தசையில் புள்ளிகள் எப்படி அமையும்? இதனைக் கேட்டு ஆராய நல்ல வாய்ப்பு நம் அருகிலேயே இருக்கிறது. மாவட்ட எல்லையை ஒட்டிய தலைவாசலில் 2021இல் திறக்கப்பட்ட கால்நடை ஆராய்ச்சி வளாகம் கள்ளக்குறிச்சி மாணவர்களுக்குத் தொலைவிலா இருக்கிறது?

செங்கற்பட்டு மாவட்டம் காட்டுப்பாக்கத்தில், தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தார் வெண்பன்றியின் மரபு முக்கால் பங்கும் நாட்டுப் பன்றியின் மரபு கால் பங்கும் கொண்ட ஒரு கலப்பினத்தை உருவாக்கி, 'தானுவாஸ் கே.பி.எம். கோல்டு' என்று பெயரிட்டுள்ளனர். வேகமாக வளர்வது வெண்பன்றியின் குணம். நம் வெயிலையும் எளிய தீனியையும் தாங்குவது நாட்டுப் பன்றியின் குணம். இரண்டும் வேண்டும் என்பதே இதன் நோக்கம்.

ஆனால் அந்தக் கால் பங்கு எங்கிருந்து வருகிறது? நாட்டுப் பன்றிகளிடமிருந்துதான். 2019ஆம் ஆண்டுக் கால்நடைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் இருந்த பன்றிகள் ஏறக்குறைய 90.6 லட்சம். 2012ஐவிட இது 12 சதவீதம் குறைவு. மேற்கு வங்கத்தின் குங்ரூ, மேகாலயத்தின் நியாங் மேகா, கோவாவின் அகோண்டா, நிகோபார்த் தீவுகளின் நிகோபாரி முதலியவை தனி இனங்களாகக் கர்னாலில் உள்ள தேசிய விலங்கு மரபு வளப் பணியகத்தில் பதிவு பெற்றுள்ளன. ஜின்ஹுவா என்ற நாட்டினம் அழிந்து போயிருந்தால் 2019இன் கண்டுபிடிப்பே நேர்ந்திராது. லாண்ட்ரேஸை மட்டும் வைத்துக்கொண்டு எதனோடு ஒப்பிடுவது? தெருவில் திரிவது என்று நாம் இகழும் நாட்டுப் பன்றியும் படிக்கப்படாத ஒரு சுவடியே ஆகும்.

நம் தசையில்

பன்றியின் தசையில் சுவையாகத் தோன்றும் கொழுப்பு, மனிதனின் தசையில் நோய்க்கு வழி செய்கிறது. உண்ட சர்க்கரையில் பெரும்பங்கை எடுத்துக்கொள்வது தசைதான். இன்சுலின் வந்து தட்டியதும் தசையணுவின் கதவு திறந்து சர்க்கரை உள்ளே போகும். தசைக்குள் கொழுப்பு தேங்கினால், கொழுப்பிலிருந்து பிறக்கும் சில இடைப்பொருள்கள் இந்தத் தட்டலைக் கேட்கவிடாமல் செய்கின்றன. சர்க்கரை ரத்தத்திலேயே தங்கிவிடுகிறது.

இது நமக்கு ஏன் தனிக் கவலை? புனேயைச் சேர்ந்த டாக்டர் யாஜ்னிக்கும் லண்டனைச் சேர்ந்த டாக்டர் யுட்கினும் 2004இல் தங்கள் உடல்களையே ஒப்பிட்டு வெளியிட்டனர். உயரத்துக்கு ஏற்ற எடையைக் காட்டும் குறியீட்டெண் இருவருக்கும் 22.3. ஆனால் உடலில் கொழுப்பு, ஆங்கிலேயருக்கு 9.1 சதவீதம், இந்தியருக்கு 21.2 சதவீதம்! தராசு இருவரும் ஒன்று என்றது. உள்ளே இருந்தது வேறு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னையின் நீரிழிவு ஆராய்ச்சியாளர்களும் நாடெங்கும் நடத்திய ஆய்வு 2023இல் வெளியானது. அதன்படி இந்தியாவில் நீரிழிவு உள்ளவர்கள் 10 கோடிக்கு மேல். வயது வந்தோரில் 11.4 சதவீதம். இவர்களுள் பார்வைக்கு ஒல்லியாக இருப்பவர்களும் பலர்.

யாஜ்னிக்கின் குழு 2009இல் இன்னொன்றும் கண்டது. எஃப்.டி.ஓ. மரபணு மாற்றம் ஐரோப்பியரில் எடையைக் கூட்டி அதன் வழியே நீரிழிவைத் தருகிறது; இந்தியரிலோ எடையைச் சாராமலும் ஓரளவு நீரிழிவோடு தொடர்புற்றிருக்கிறது. உடனே புள்ளி அழிப்பதுதான் காரணம் என்று முடிவு கட்ட வேண்டாம். அந்த மாற்றம் எஃப்.டி.ஓ.வின் எல்லைக்குள் இருந்தாலும், தொலைவில் உள்ள ஐ.ஆர்.எக்ஸ்-3 என்னும் வேறொரு மரபணுவைத் தூண்டியே வேலை செய்கிறது என்று 2014இலும் 2015இலும் வந்த ஆய்வுகள் காட்டின. மரபணு மாற்றம் ஒரு கதை. புள்ளியழிக்கும் நொதி இன்னொரு கதை. இரண்டும் எங்கே சந்திக்கின்றன என்பதே இன்று ஆய்வாளர்முன் உள்ள கேள்வி. மனிதத் தசையை வேண்டியபோதெல்லாம் வெட்டி எடுத்து ஆராய முடியாது. அங்கேதான் பன்றி கைகொடுக்கிறது; இரு இனத்தின் தசைகளிலும் புள்ளிகள் அமையும் இடங்கள் பெரிதும் ஒத்திருப்பதாக அதே 2019ஆம் ஆண்டு ஆய்வு கூறுகிறது.

அதுவரை நாம் செய்யக்கூடியது என்ன? நெடுந்தூரம் ஓடும் விளையாட்டு வீரர்களின் தசையிலும் கொழுப்புத் துளிகள் மிகுதி. ஆனால் அவர்களுடைய தசை இன்சுலினின் சொல்லைக் கேட்கிறது. ஏனெனில் அங்கே கொழுப்பு தேங்குவதில்லை. வருவதும் எரிவதுமாக இருக்கிறது. தேங்கிய நீருக்கும் ஓடும் நீருக்கும் உள்ள வேறுபாடுதான் இது. நாள்தோறும் வேகமாக நடப்பது தசைக்குள் இந்த ஓட்டத்தை உண்டாக்கும் எளிய வழி. தராசை மட்டும் நம்பாமல் இடுப்புச் சுற்றளவையும் அளந்து பாருங்கள். ஆணுக்கு 90 சென்டிமீட்டரும் பெண்ணுக்கு 80 சென்டிமீட்டரும் நம் நாட்டவருக்கு வகுத்த எல்லை. வீட்டில் யாருக்கேனும் நீரிழிவு இருந்தால், ஒல்லியாக இருக்கிறோமே என்று இராமல் ரத்தச் சர்க்கரையைச் சோதித்துக்கொள்ளுங்கள்.